வேலையை விட்டா அதே துறையில சேரக்கூடாதா? நான்-கம்பீட்டும் 1872-ஆம் வருஷச் சட்டமும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் எடுத்திருக்கேன்.)

போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு பேர் ஒரே விஷயத்துக்காக எனக்கு போன் பண்ணாங்க. ஆனா ரெண்டு பேரும் எதிரெதிர் பக்கம்.

முதல் ஆள் என்கூட காலேஜ்ல படிச்சவன். மதுரையில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில மூணு வருஷம் வேலை பார்த்துட்டு ரிசைன் பண்ணான். நோட்டீஸ் பீரியட் முழுசா முடிச்சுக் கொடுத்தான். கடைசி நாள் எச்.ஆர். கூப்பிட்டு, ஆஃபர் லெட்டர்ல அவன் ஒரு தடவைகூட படிக்காத ஒரு பாராவைக் காட்டியிருக்காங்க. ‘வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்கு இதே துறையில் எந்த நிறுவனத்திலும் சேரக்கூடாது.’ கையில சென்னை கம்பெனி ஆஃபர் இருந்துச்சு. கேஸ் போட்டுடுவாங்களோன்னு பயந்து அதை விட்டுட்டான். நாலு மாசமா உசிலம்பட்டியில வீட்ல உக்கார்ந்திருக்கான். எஜுகேஷன் லோன் தவணை அப்பா சம்பளத்துல போகுது. “மாப்ள, ரெண்டு வருஷம் நான் என்னடா பண்றது, மாடு மேய்க்கவா?”ன்னு கேட்டான். எனக்கு சிரிப்பு வரல.

ரெண்டாவது ஆள் ஒரு அண்ணன். அண்ணா நகர்ல ஒரு மாடியில இருபத்திச் சொச்சம் பேரை வச்சு கம்பெனி நடத்துறார். அவர்கிட்ட அஞ்சு வருஷம் இருந்த சீனியர் டெவலப்பர் வேலையை விட்டார். ஆறு வாரத்துல ஒரு பெரிய கிளையண்ட்டும் அவர் பின்னாடியே போயிட்டார். “தம்பி, நாளைக்கே எல்லார்கிட்டயும் நான்-கம்பீட் கையெழுத்து வாங்கப் போறேன். நெட்ல ஒரு டெம்ப்ளேட் எடுத்து வச்சிருக்கேன், பார்த்துச் சொல்லு”ன்னு அனுப்பினார். திறந்து பார்த்தா, கடைசிப் பக்கத்துல ‘இந்த ஒப்பந்தம் டெக்சாஸ் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது’ன்னு இருக்கு. கம்பெனி மதுரையில, வேலை பார்க்கிற பிள்ளைங்க மேலூர்லயிருந்தும் திருமங்கலத்துலயிருந்தும் பஸ் ஏறி வர்றவங்க. இதுல டெக்சாஸ் எங்க வந்துச்சு?

நான் வக்கீல் இல்ல, கோட் எழுதுற ஆளு. ஆனா ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளையில பிராக்டிஸ் பண்ற ஒரு அக்காகிட்ட உக்கார்ந்து கேட்டு, தீர்ப்புகளைப் படிச்சுட்டுத்தான் பேசுறேன். உங்க கேஸ்னு வந்தா, கண்டிப்பா ஒரு வக்கீலைப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதுல பிரிவு 27. சாரத்தைச் சொல்றேன்: சட்டப்படியான ஒரு தொழிலையோ, வியாபாரத்தையோ, வேலையையோ ஒருத்தர் செய்யவிடாம தடுக்கிற எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது.

‘அந்த அளவுக்கு’ங்கிறது முக்கியம். ஆஃபர் லெட்டர் முழுசும் குப்பைக்குப் போகாது. தடுக்கிற அந்தப் பாரா மட்டும் செல்லாது. மத்ததெல்லாம் நிக்கும்.

இந்தப் பிரிவு வந்த ரெண்டு வருஷத்துல, 1874-ல கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு. ஒரே பகுதியில ரெண்டு பாத்திரக் கடை. ஒரு கடைக்காரர் இன்னொருத்தர்கிட்ட, “நீ கடையை மூடிடு, உன் வேலையாட்களுக்கு நீ கொடுத்திருக்கிற முன்பணத்தை நான் தந்துடறேன்”னு பேசி முடிச்சார். அவரும் மூடிட்டார். ஆனா இவர் காசு தரல. கேஸ் போட்டா, ‘ஒருத்தர் தொழிலைத் தடுக்கிற ஒப்பந்தம், அதனால செல்லாது’ன்னு கோர்ட் சொல்லிடுச்சு. கடையை மூடினவருக்குக் காசும் கிடைக்கல. நம்ம கோர்ட்டுகள் இந்தப் பிரிவை எவ்வளவு கறாரா படிக்கும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. முழுத் தடையோ கொஞ்ச காலத் தடையோ, ஒரு ஊர் முழுக்கவோ ஒரு தெருவுல மட்டுமோ, தடைன்னா தடைதான்.

இங்கிலாந்துல கதை வேற. அங்க ‘இந்தத் தடை நியாயமான அளவுல இருக்கா?’ன்னு கோர்ட் பார்க்கும். ஆறு மாசம், குறிப்பிட்ட ஏரியான்னு இருந்தா செல்லுபடி ஆகலாம். நம்மளை ஆண்டவங்க சட்டம் அப்படி இருக்க, நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்?

காரணம் ஒரு அமெரிக்கர். டேவிட் டட்லி ஃபீல்ட்னு ஒரு வக்கீல், நியூயார்க் மாநிலத்துக்காக ஒரு சிவில் சட்ட வரைவு எழுதினார். நம்ம பிரிவு 27 அந்த வரைவுலயிருந்து எடுத்ததுதான். அதே வரைவை கலிஃபோர்னியாவும் எடுத்துக்கிச்சு, அதுவும் 1872-லயே. கடைசியில நியூயார்க் அந்த சிவில் சட்டத்தை ஏத்துக்கவே இல்ல. ஆக, இன்னைக்கு சிலிக்கான் வேலியில ஒரு இன்ஜினியர் காலையில ஒரு கம்பெனியை விட்டு மத்தியானம் எதிர்க் கம்பெனியில சேர முடியுதுன்னா, அந்தச் சட்டமும் நம்ம மதுரைப் பையனைக் காப்பாத்துற சட்டமும் ஒரே வயித்துப் பிள்ளைங்க.

அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் மாறும்

அண்ணனோட டெம்ப்ளேட் அங்கயிருந்து வந்ததால இதைக் கொஞ்சம் பார்த்துடுவோம். கலிஃபோர்னியா, வடக்கு டகோட்டா, ஓக்லஹோமா மூணுலயும் வேலைக்காரங்க மேல போடுற நான்-கம்பீட் ரொம்ப காலமா செல்லாது. மினசோட்டா 2023 ஜூலை 1-லயிருந்து போடுற ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டுச்சு. டெக்சாஸ்ல காலமும் இடமும் நியாயமா இருந்தா செல்லும். ஃபுளோரிடா 2025-ல எதிர்த்திசையில போய், அதிக சம்பளம் வாங்குறவங்க விஷயத்துல நாலு வருஷம் வரைக்கும்கூட தடை போடலாம்னு சட்டம் கொண்டு வந்துச்சு.

நாடு முழுக்க ஒரே விதியா நான்-கம்பீட்டைத் தடை பண்ண, 2024 ஏப்ரல்ல அங்க ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டாங்க. சுமார் 3 கோடி பேர், அதாவது அஞ்சு வேலைக்காரங்கள்ல ஒருத்தர், இந்த மாதிரி ஒப்பந்தத்துல கட்டுப்பட்டிருக்காங்கன்னு அவங்களே கணக்குச் சொன்னாங்க. ஆகஸ்ட்லயே டெக்சாஸ்ல ஒரு ஃபெடரல் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. 2025 செப்டம்பர்ல கமிஷன் அப்பீலையும் கைவிட்டுடுச்சு. அதனால அங்க முதலாளிகள் மாநிலம் மாநிலமா வேற வேற பேப்பர் வச்சிருக்கணும். கலிஃபோர்னியாவுல, ‘நீங்க கையெழுத்துப் போட்ட நான்-கம்பீட் செல்லாது’ன்னு பழைய ஊழியர்களுக்கும் சேர்த்து 2024 பிப்ரவரி 14-க்குள்ள எழுதி அனுப்பணும்னே சட்டம் போட்டாங்க.

நமக்கு அந்தத் தலைவலி இல்ல. மதுரைக்கும் பெங்களூருக்கும் குருகிராமுக்கும் ஒரே பிரிவு 27 தான். மதுரைக் கம்பெனிக்கும் மதுரையில வேலை பார்க்கிற ஆளுக்கும் நடுவுல ‘டெக்சாஸ் சட்டம்’னு எழுதிட்டா அந்தப் பிரிவைத் தாண்டிடலாம்னு நினைச்சா, அது நடக்காது.

வேலையில இருக்கும்போது வேற, விட்டபின் வேற

இந்த ஒரு கோட்டை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

1967-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு. டயர் கார்டு நூல் தயாரிக்கிற வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை அந்தக் கம்பெனி காசு கொடுத்து வாங்கியிருந்துச்சு. ஒரு ஷிப்ட் சூப்பர்வைசரோட அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி கொடுத்தாங்க. அவர் பாதியிலேயே அதே தொழில்ல இருக்கிற ராஜஸ்தான் கம்பெனிக்குப் போயிட்டார். கோர்ட் கம்பெனி பக்கம் நின்னுச்சு. ஏன்னா தடை அந்த அஞ்சு வருஷ ஒப்பந்தக் காலத்துக்குள்ளதான் இருந்துச்சு. ‘என்கிட்ட வேலை பார்க்கிற காலத்துல இன்னொருத்தன்கிட்ட பார்க்காதே’ங்கிறது தொழிலைத் தடுக்கிறது ஆகாது.

1980-ல சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கு. அங்க தடை வேலை முடிஞ்ச பிறகு ரெண்டு வருஷத்துக்கு. கம்பெனியே அந்த மேனேஜரை வேலையை விட்டு நீக்கிட்டு, அப்புறம் போட்டித் தொழில் பண்ணக்கூடாதுன்னு கேஸ் போட்டுச்சு. தோத்துப்போச்சு. அந்தத் தீர்ப்புல நீதிபதி ஏ.பி. சென் தனியா விரிவா எழுதினார். வேலை முடிஞ்ச பிறகான தடை செல்லாது, அது நியாயமான அளவா இல்லையாங்கிற கேள்விக்கே பிரிவு 27-ல இடமில்லங்கிறது அவர் நிலை.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. ஜாகீர் கானோட விளம்பர வேலைகளைப் பார்த்துக்கிட்ட பர்செப்ட் டிமார்க் கம்பெனி, ‘ஒப்பந்தம் முடிஞ்சாலும் வேற யார் ஆஃபர் கொடுத்தாலும் எங்ககிட்ட முதல்ல காட்டணும்’னு ஒரு ஷரத்து வச்சிருந்தாங்க. அவர் வேற கம்பெனிக்குப் போனார். 2006-ல உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் ஆளைக் கட்டிப்போடுற எதுவும் பிரிவு 27-ல அடிபடும்னு சொல்லிடுச்சு.

நம்ம துறைக்கு ரொம்ப நெருக்கமானது 2025 ஜூன்ல டெல்லி ஹைகோர்ட் கொடுத்த தீர்ப்பு. டாஃபோடில் சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்த ஒரு இன்ஜினியர், வேலையை விட்டு டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன்ல சேர்ந்தார். அது அந்தக் கம்பெனியோட கிளையண்ட். மூணு வருஷத் தடை ஷரத்தைக் காட்டி, கீழ்க் கோர்ட்ல தடை உத்தரவும் வாங்கிட்டாங்க. ஹைகோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. பழைய முதலாளிகிட்டயே வேலை பாரு, இல்லன்னா சும்மா உக்காருங்கிற நிலைமைக்கு ஒரு ஊழியரைத் தள்ளக் கூடாதுங்கிறதுதான் சாரம். இதை என் நண்பனுக்குப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் லைன்ல ஒண்ணும் பேசல.

சின்ன கம்பெனிங்க மட்டும் இப்படிப் பண்றதில்ல. 2022-ல இன்ஃபோசிஸ் ஆஃபர் லெட்டர்ல, வேலையை விட்டபின் ஆறு மாசத்துக்குக் குறிப்பிட்ட போட்டி நிறுவனங்கள்ல போய் அதே கிளையண்ட்டுக்கு வேலை பார்க்கக் கூடாதுன்னு ஷரத்து இருந்துச்சு. நைட்ஸ்ங்கிற ஐடி ஊழியர் அமைப்பு மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் கொடுத்தாங்க. இது வழக்கமான நடைமுறைதான்னு கம்பெனி சொல்லுச்சு. செல்லாத ஷரத்தை எழுதினா தண்டனைன்னு எந்தச் சட்டமும் இல்லாததால, எழுதுறவங்க எழுதிக்கிட்டேதான் இருக்காங்க. கோர்ட்டுக்குப் போகாமலே பயம் வேலை செய்யுது. உசிலம்பட்டியில உக்கார்ந்திருக்கிறவன் மேல யாரும் கேஸே போடல பாருங்க.

பாண்ட்டும் செல்லாதா?

இங்கதான் நம்ம ஆளுங்க தப்பா புரிஞ்சுக்கறாங்க. பாண்ட் வேற, நான்-கம்பீட் வேற. 2025 மே 14-ல வந்த விஜயா வங்கி தீர்ப்பைப் பாருங்க. மூணு வருஷம் வேலை பார்க்கணும், இல்லன்னா 2 லட்சம் கட்டணும்னு ஷரத்து. 2007-ல சேர்ந்த ஒரு அதிகாரி 2009-ல விட்டுட்டு வேற வங்கிக்குப் போனார். ஆட்சேபத்தோட பணத்தைக் கட்டிட்டு கேஸ் போட்டார். கர்நாடக ஹைகோர்ட்ல ஜெயிச்சார், உச்ச நீதிமன்றத்துல தோத்தார். ‘வேற எங்கயும் போகக்கூடாதுன்னு இது சொல்லல. பொதுத்துறை வங்கி திரும்ப விளம்பரம் கொடுத்து, தேர்வு வச்சு ஆள் எடுக்கணும். அவர் பதவிக்கும் சம்பளத்துக்கும் இந்தத் தொகை அதிகமும் இல்ல’ன்னு கோர்ட் பார்த்துச்சு.

அதுக்காக ஃப்ரெஷர் ஒருத்தனுக்கு ரெண்டு வாரம் யூடியூப் வீடியோ காட்டிட்டு 3 லட்சம் கேட்டா கிடைச்சிடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-படி, பாண்ட்ல எழுதின தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதுக்குள்ள நியாயமான இழப்பீடு எவ்வளவுன்னு கோர்ட் பார்க்கும். பயிற்சிக்கு உண்மையிலேயே என்ன செலவாச்சுன்னு கணக்கு காட்டச் சொல்வாங்க.

அப்ப முதலாளி என்ன பண்ணலாம்?

அண்ணன் கேட்ட கேள்வி இதுதான். “எல்லாம் செல்லாதுன்னா நான் என்ன தம்பி, துண்டைப் போட்டுக்கிட்டுப் போகவா?” அவர் பக்கமும் நியாயம் இருக்கு. அவரும் நானும் அந்த அக்காவும் சேர்ந்து போட்ட பட்டியல் இது.

ஒண்ணு, வேலையில இருக்கிற காலத்துக்கான தடையைத் தெளிவா எழுதுங்க. சம்பளம் வாங்கிட்டே ராத்திரி போட்டிக் கம்பெனிக்குக் கோட் எழுதக் கூடாதுங்கிறது செல்லும்.

ரெண்டு, ரகசியம் எதுன்னு பேர் சொல்லி எழுதுங்க. ‘கம்பெனி சம்பந்தப்பட்ட எல்லாத் தகவலும்’னு எழுதினா யாருக்கும் புரியாது. சோர்ஸ் கோட், விலை நிர்ணயம், கிளையண்ட் டேட்டாபேஸ்னு எழுதுங்க. வேலையில எழுதின கோட், வேற மாதிரி பேசியிருந்தாலொழிய, காப்பிரைட் சட்டப்படி கம்பெனியோடதுதான். அனுமதியில்லாம மோசடியா டேட்டாவை காப்பி பண்ணிட்டுப் போனா ஐடி சட்டம் பிரிவு 66-ல மூணு வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஆனா தலைக்குள்ள இருக்கிற திறமை ரகசியம் இல்ல. அவர் ஜாவா நல்லா எழுதுறார்னா அது அவர் சொத்து. வணிக ரகசியத்துக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்ல. 2024 மார்ச்ல சட்ட ஆணையம் தன்னோட 289-வது அறிக்கையில ஒண்ணு கொண்டு வரச் சொல்லிப் பரிந்துரைச்சிருக்கு.

மூணு, கிளையண்ட்டை இழுக்கக் கூடாதுங்கிற ஷரத்தைச் சின்னதா வைங்க. ஆள் வேற கம்பெனியில சேர்றதைத் தடுக்க முடியாது. கம்பெனி லிஸ்ட்டை வச்சு ஒவ்வொரு கிளையண்ட்டுக்கா போன் போட்டு இழுக்கிறதைத் தடுக்கக் கேட்கலாம். ஆனா அங்கயும் கோர்ட் ஆதாரம் கேட்கும். கிளையண்ட் தானா போனா, அது அவர் இஷ்டம்.

நாலு, கிளையண்ட்டோட போடுற ஒப்பந்தத்தைப் பாருங்க. இதை அண்ணன் யோசிக்கவே இல்ல. ‘எங்க ஆளை நீங்க இழுத்துக்கக் கூடாது’ன்னு ரெண்டு கம்பெனிங்க தங்களுக்குள்ள ஒப்பந்தம் போடலாம். 2006-ல விப்ரோவுக்கும் பெக்மன் கூல்டருக்கும் நடந்த வழக்குல டெல்லி ஹைகோர்ட் இதை ஏத்துக்கிச்சு. மீறினா இழப்பீடு கேட்கலாம். ஊழியரோட வேலைக்குத் தடை கேட்க முடியாது.

அஞ்சு, நோட்டீஸ் பீரியட்ல சம்பளம் கொடுத்து, முக்கியமான சிஸ்டம்லயிருந்து ஆளை விலக்கி வைக்கலாம். கார்டன் லீவ்னு சொல்வாங்க. சம்பளம் போற வரைக்கும் அவர் உங்க ஊழியர்.

ஆறு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீங்க, ரிலீவிங் லெட்டரைப் பிடிச்சு வைக்காதீங்க. அந்தப் பிள்ளை பத்தாம் கிளாஸ்லயிருந்து படிச்சு வாங்கின மார்க் ஷீட் அது, அடகுக் கடை நகை இல்ல. பணம் வரவேண்டியிருந்தா அதுக்குன்னு கோர்ட் இருக்கு.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு, வியாபாரத்தையே விக்கிறது. பைபாஸ் ரோட்டுல நல்ல பேர் எடுத்த ஒரு பரோட்டா கடையை, பேரோட சேர்த்து ஒருத்தர் வாங்குறார்னு வைங்க. வித்தவர் அடுத்த வாரமே எதிர்ல கடை போட்டா வாங்கினவர் கதி? அதனால குறிப்பிட்ட எல்லைக்குள்ள அதே தொழில் பண்ண மாட்டேன்னு வித்தவர் எழுதிக் கொடுக்கலாம், எல்லை நியாயமா இருந்தா செல்லும். பார்ட்னர்ஷிப் சட்டத்துலயும் பார்ட்னர்களுக்கு இந்த மாதிரி வழி இருக்கு. ஆனா அது முதலாளிங்களுக்குள்ள. பரோட்டா மாஸ்டரை அதுல கட்ட முடியாது.

கடைசியா என்ன ஆச்சு?

அண்ணன் அந்த டெக்சாஸ் டெம்ப்ளேட்டை டெலீட் பண்ணிட்டார். இப்ப ரெண்டு பக்கத்துல தமிழ்லயும் ஒரு பிரதியோட ரகசியக் காப்பு ஒப்பந்தம் வச்சிருக்கார். ஒவ்வொரு கிளையண்ட் மீட்டிங்லயும் ரெண்டு பேர் உக்காரணும்னு விதி போட்டிருக்கார். “ஒருத்தனையே நம்பி மொத்த கிளையண்ட்டையும் விட்டது என் தப்புதான்”னு அவரே சொன்னார். அப்புறம், “போறவனை நிறுத்தவே முடியாதா தம்பி?”ன்னு மறுபடி கேட்டார். “பேப்பர்ல முடியாதுண்ணே. சம்பளத்துலயும் மரியாதையிலயும்தான் முடியும்”னேன். “ரெண்டும் செலவு”ன்னு சிரிச்சார். அடுத்த மாசத்துலயிருந்து ரெண்டு வருஷம் தாண்டினவங்களுக்கு போனஸ் தர்றதாச் சொல்லியிருக்கார்.

நண்பன், அக்கா எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தைப் பழைய கம்பெனிக்கு அனுப்பினான். பதில் வரல. விட்டுப்போன சென்னை ஆஃபர் விட்டுப்போனதுதான், அதைக் கேட்டா அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சுன்னாங்க. இப்ப இலந்தைக்குளம் எல்காட் பார்க்ல ஒரு கம்பெனியில ரெண்டு ரவுண்டு முடிச்சிருக்கான். மூணாவது ரவுண்டுல எச்.ஆர். நீட்டுற பேப்பரைக் கையெழுத்துக்கு முன்னாடி எனக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்கான். நாலு மாசம் லேட்டா வந்த புத்தி, ஆனா வந்துருச்சு.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து ஒருதடவை முழுசா படிங்க. நான்-கம்பீட், பாண்ட், நோட்டீஸ், ரகசியம், இந்த நாலு பாராவும் எங்க இருக்குன்னு பென்சில்ல கோடு போட்டு வைங்க. புரியாத பாரா இருந்தா கம்பெனி பேரை மறைச்சுட்டு எனக்கு அனுப்புங்க, அக்காகிட்ட கேட்டு அடுத்த எபிசோட்ல பேசுவோம். வரட்டா மக்களே.